பத்து விநாடித் தாமதம்

எங்கள் சேனலின் ரேக் அறைக்குள் எந்த வெயிலிலும் ஸ்வெட்டரோடுதான் நுழைய வேண்டும். வெளியே தார் உருகிக்கொண்டிருக்கும். உள்ளே இயந்திரங்களுக்காக ஏசி உறுமிக்கொண்டிருக்கும். ஆள் உயர இரும்பு அலமாரிகள் ஒன்பது. ஒவ்வொன்றிலும் தட்டையான பெட்டிகள், பெட்டிக்குள் புத்தகம் அடுக்கியதுபோல் கார்டுகள், ஒவ்வொரு கார்டின் நெற்றியிலும் ஒரு விளக்கு. சேனலில் ஓடும் படமும் சத்தமும் இந்தக் கார்டுகள் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். பன்னிரண்டு வருடமாக அந்த அறையிலேயே குடியிருந்த இன்ஜினியருக்கு ரேக்கு என்று பெயர் விழுந்ததில் ஆச்சரியமில்லை. அவனுக்கு மனிதர்களைவிடக் கார்டுகளோடு பழகத்தான் பிடிக்கும். கார்டு எதிர்த்துப் பேசாது.

நான் கன்ட்ரோல் ரூமில் சவுண்டு பார்க்கிறவள். அவனைவிட ஆறு வயது மூத்தவள், அதனால் அக்கா. அவன் குடும்பமும் நானும் ஒரே மாடியில் எதிரெதிர் வீடு. அவர்கள் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று என் வீட்டிலிருந்தே சொல்லிவிடுவேன். ஆகவே அவன் தங்கச்சி முதல் தடவை அடிபட்டு வந்ததும், இரண்டாம் தடவை வந்ததும், மூன்றாம் தடவை வந்ததும் எனக்குத் தெரியாமல் இல்லை.

மூன்றாம் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பாப்பா என்றுதான் அவளைக் கூப்பிடுவான், அவளுக்கு முப்பத்தொரு வயது. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு படியேறி வந்தாள். ரேக்கின் மனைவி துண்டை விலக்கியதும் நான் ஒரு அடி பின்னால் போனேன். இடது கண் வீங்கி மூடியிருந்தது. காதுக்குப் பின்னால் தோல் கிழிந்து, ரத்தம் உறைந்து முடியோடு ஒட்டியிருந்தது. அவள் பேசும்போது கடைவாய்ப் பல் ஒன்று தனியாக ஆடியது.

“எதால அடிச்சான்?” என்றாள் ரேக்கின் மனைவி.

“ஸ்பேனரால அண்ணி. பெருசு இல்ல. சின்னது.”

சின்னது என்று அவள் புருஷனுக்குச் சலுகை கொடுத்த விதத்தில் எனக்கு ரத்தம் கொதித்தது. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் அலுவலக லிஃப்டைப் பழுதுபார்க்க வந்த இடத்தில் ரேக்குக்கு நண்பனானவன். ரேக்கே முன்னின்று தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தான். ஊரில் எல்லோருக்கும் அந்த மெக்கானிக் நல்லவன். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடி வருவான். உள்ளே அழுகிற கிழவிகளோடு கதவிடுக்கு வழியாகப் பேசிச் சிரிக்க வைப்பான்.

ரேக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான். “என்னதான் நடந்துச்சு?”

“முட்டை கருகிடுச்சு.”

“நீ எதுவும் எதிர்த்துப் பேசினியா?”

“ஏங்க, அவளுக்குப் பல்லு ஆடுது. நீங்க என்ன விசாரணை நடத்திக்கிட்டிருக்கீங்க?” என்றாள் மனைவி.

“நீ சும்மா இரு. ரெண்டு பக்கமும் கேக்கணும்ல?”

“இன்னொரு பக்கம்னா அந்த ஸ்பேனரைத்தான் கூப்பிட்டுக் கேக்கணும்” என்றேன் நான்.

“அக்கா, இது வீட்டு விஷயம்.”

“அவ இங்கயே இருக்கட்டுங்க” என்றாள் மனைவி. “ஒரு பாய் கூட விரிச்சா தேஞ்சா போயிடும்?”

“எத்தனை நாளைக்கு? நாலு பேரு கேட்டா என்ன சொல்றது? நானே பாத்துக் கட்டி வச்ச மாப்பிள்ளை.” பிறகு குரலை இறக்கினான். “பாப்பா, இந்த ஒரு தடவை பொறுத்துக்கோ. நான் மாப்பிள்ளைகிட்டப் பேசுறேன். நான் பாத்துக்கிறேன்.”

அவள் ஆடுகிற பல்லை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவனே வண்டியில் கொண்டுபோய் விட்டான். மாப்பிள்ளையோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் திரும்பினான்.

அந்த வாரம் புதன்கிழமை லைசன்ஸ் வந்தது. இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். எங்கள் சேனலில் மதியம் மூன்று மணிக்கு ஒரு வக்கீலம்மா நேரலையில் வந்து போனில் கேட்பவர்களுக்குச் சட்ட யோசனை சொல்வார். போன மாதம் ஒருவன் போன் பண்ணி வாய்கூசாமல் திட்டியதெல்லாம் அப்படியே ஒளிபரப்பாகிவிட்டது. அதனால் நிகழ்ச்சியைப் பத்து விநாடி தாமதமாக வெளியே விடுவது என்று மேலிடம் முடிவெடுத்தது. யாராவது ஏடாகூடமாகப் பேசினால், அந்தப் பத்து விநாடி முடிவதற்குள் பொத்தானை அமுக்க வேண்டும். பேசியது வெளியே போகாமல் வெட்டுப்பட்டு, அந்த இடத்தில் அதற்கு முந்தைய படம் ஓடும்.

இதற்குப் புது இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. இருக்கிற கார்டுக்குள்ளேயே அந்த வசதி பூட்டிக் கிடக்கிறது. வீட்டை விற்றவன் ஒரு அறையை மட்டும் பூட்டி, சாவியைத் தனியாக விற்பதுபோல. லைசன்ஸ் என்கிற அந்தச் சாவி ஒரு நீளமான எண். ஒரு கார்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. கார்டின் வரிசை எண்ணைக் கம்பெனிக்கு அனுப்பினால், அந்தக் கார்டுக்கு மட்டும் பொருந்தும் சாவி வரும். அந்தப் பெட்டியில் மூன்றாம் இடத்துக் கார்டு வழியாகத்தான் ஒளிபரப்பு போகும். நான்காம் இடத்தில் இருப்பது உபரி. அலமாரிக் கதவின் உள்பக்கத் தாளில் மூன்றாம் கார்டுக்கு நேராக இருந்த வரிசை எண்ணைத்தான் ரேக்கு எழுதி அனுப்பியிருந்தான்.

காலையில் கம்ப்யூட்டரில் அந்த எண்ணுள்ள கார்டைத் தேடிப் பிடித்து, சாவியை எழுத்தெழுத்தாக அடித்தான். கார்டு அணைந்து எழுந்தது. விளக்கு பச்சையானது. கேமரா முன்னால் என்னைக் கையாட்டச் சொன்னான். கார்டிலிருந்து இழுத்துவிட்ட சின்ன மானிட்டரில் பத்து விநாடி கழித்து நான் கையாட்டினேன்.

“பாத்தீங்களா அக்கா?” என்று குழந்தைபோல் சிரித்தான். “இனிமே உலகத்துல என்ன நடந்தாலும் நமக்குப் பத்து செகண்ட் டைம் இருக்கு.”

முதல் நாள் என்பதால் பொத்தானுக்கும் அவனே உட்கார்ந்தான். நான் அவனுக்கு இடது பக்கம், சத்தத்தை ஏற்றி இறக்குகிற ஃபேடர் மேல் விரலோடு. முன் வரிசையில் தயாரிப்பாளர், வாயில் கிராம்பு. மூன்றரை மணிவாக்கில் ஆறாவது போன் வந்தது. வந்ததும் முதலில் கேட்டது பேச்சு இல்லை, மரத்தின் மேல் இரும்பு விழுகிற சத்தம். மீட்டரில் ஊசி சிவப்புக்குப் போனது.

“அம்மா, நான் பாத்ரூம்ல இருந்து பேசுறேன்” என்றது குரல். பாப்பாவின் குரல். ரேக்கு நிமிர்ந்தான்.

“சொல்லுங்கம்மா, அங்க என்ன சத்தம்?” என்றார் வக்கீலம்மா.

“என் புருஷன் கதவை உடைக்கிறாரு. கையில ஸ்பேனர் வச்சிருக்காரு. பெருசு. போலீசுக்கு அடிச்சேன், யாரும் எடுக்கல. உங்க நம்பர்தான் டிவில ஓடிக்கிட்டே இருக்கும், மனப்பாடம். இன்னைக்குக் கொன்னுடுவாரும்மா.”

“வெட்டாத, விடு” என்றார் தயாரிப்பாளர். பிறகு வக்கீலம்மாவின் காதுக்குப் போகிற மைக்கைத் திறந்தார். “வக்கீலம்மா, அட்ரஸ் கேளுங்க, அட்ரஸ்.”

மரம் பிளக்கிற சத்தம் கேட்டது. ரேக்கு அசையவில்லை. ஸ்பேனர் என்றபோது அசையவில்லை. கொன்னுடுவாரு என்றபோது அசையவில்லை.

“என் அண்ணன் உங்க டிவிலதான் வேலை செய்யுது. மூணு தடவை அண்ணன்கிட்டப் போனேன். பொறுத்துக்கோ பொறுத்துக்கோன்னு திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டு, இவரோட டீ குடிச்சிட்டுப் போகுது. அட்ரஸ் சொல்றேம்மா, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, மூணாவது மாடி...”

என் அண்ணன் என்ற இடத்தில் அவன் கட்டைவிரல் பொத்தானுக்குப் போனதை நான் பார்த்தேன். அழுத்தி, அழுத்தியபடியே பிடித்திருந்தான். சின்ன மானிட்டரில் படம் துள்ளி, போன் வருவதற்கு முந்தைய இடத்துக்குத் தாவியது. வக்கீலம்மா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பிறகு அவன் எழுந்து, நாற்காலி பின்னால் விழ, வெளியே ஓடினான். தங்கச்சியைக் காப்பாற்றத்தான் ஓடினான், அதில் சந்தேகமில்லை. முதலில் மானத்தைக் காப்பாற்றினான், பிறகு அவளைக் காப்பாற்ற ஓடினான்.

போனில் கதவு விழுந்த சத்தமும், அவள் அலறலும், ஏதோ தரையில் இழுபடுகிற சத்தமும் கேட்டன. அப்புறம் இரும்பு எலும்பில் விழுகிற சத்தம். அதை ஒருமுறை கேட்டவர்களுக்கு வேறெந்தச் சத்தமென்றும் தோன்றாது. ஃபேடர் மேலேயே இருந்தது. நான் இறக்கவில்லை. வீரம் ஒன்றுமில்லை, கை உறைந்துபோயிருந்தது.

அலுவலகத்திலிருந்து அவள் வீட்டுக்கு அந்த நேரத்து நெரிசலில் நாற்பது நிமிடம். நாற்பதாவது நிமிடம் அவன் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் யாரும் இல்லை. குளியலறையிலிருந்து வாசல்வரை ரத்தம் இழுபட்ட கோடு மட்டும் இருந்தது. எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். நிகழ்ச்சி முடிந்து நானும் அங்கேதான் போனேன்.

அவளுக்குத் தோள்பட்டை எலும்பும் இரண்டு விலாவும் முறிந்திருந்தன. கழுத்தைச் சுற்றிப் போன் சார்ஜர் வயரின் தடம் நீலமாக இருந்தது. உயிர் இருந்தது. வராந்தாவில் கீழ்வீட்டுத் தையல்காரர், சட்டையெல்லாம் அவள் ரத்தத்தோடு, ரேக்கிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“மிஷின் ஓட்டிக்கிட்டே டிவி கேட்டுக்கிட்டிருந்தேன் சார். தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, மூணாவது மாடின்னு டிவில சொல்லுது. மேல தட் தட்டுனு சத்தம். ரெண்டும் ஒண்ணுன்னு அப்பத்தான் உறைச்சுது. வெல்டிங் கடைக்காரனைக் கூட்டிக்கிட்டுக் கடப்பாரையோட ஏறினோம். வயரைப் போட்டு இறுக்கிக்கிட்டிருந்தான். வெல்டர் முட்டியிலயே ஒரு போடு போட்டான். இல்லேன்னா அவன் விட்டிருக்க மாட்டான். இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா முடிஞ்சிருக்கும் சார்.”

ரேக்கு அவரையே பார்த்தான். “டிவிலயா கேட்டீங்க?”

“ஆமா சார்.”

“எதுவரைக்கும்?”

“எல்லாந்தான் சார். நீங்க பொறுத்துக்கோன்னு அனுப்பினது, டீ குடிச்சது, அட்ரஸ்.” தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “எங்களையும் சொல்லணும். தினமும் கேக்குற சத்தம்தான். வீட்டு விஷயம்னு விட்டுட்டோம்.”

ரேக்கு என் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் அன்று பார்த்ததை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை. தான் அமுக்கியது வெட்டவில்லை என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அமுக்கியது எனக்குத் தெரியும் என்பதும் தெரிந்தது.

அடுத்த அறையில் முட்டி உடைந்த மெக்கானிக்கை ஒரு கை விலங்கோடு ஸ்ட்ரெச்சரில் போட்டிருந்தார்கள். ரேக்கைப் பார்த்ததும் எழ முயன்றான். “மச்சான், நீ சொல்லு மச்சான் இவங்ககிட்ட. நீதானே சொன்ன, புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும்னு.”

ரேக்கு அவன்மேல் பாய்ந்தான். மூக்கில் குத்தினான், வாயில் குத்தினான், ஸ்ட்ரெச்சர் சாய்ந்து இருவரும் தரையில் விழுந்தபிறகும் அவன் தலைமுடியைப் பிடித்துத் தரையில் மோதினான். உடைந்த முட்டியை மிதித்தான். போலீஸ்காரர் இருவர் சேர்ந்து பிய்த்தெடுக்கவேண்டியிருந்தது. அண்ணன்னா இப்படி இருக்கணும் என்று யாரோ ஒரு நர்ஸ் சொன்னாள். அந்த அடியில் பாதி யாருக்கு விழவேண்டியது என்று அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

மறுநாள் சேனலில் அவனுக்குச் சால்வை போடாத குறை. சொந்தத் தங்கச்சி, சொந்த மானம், ஆனாலும் பொத்தானை அமுக்கவில்லை பார் என்று முதலாளி கையைப் பிடித்துக் குலுக்கினார். ரேக்கு குலுக்கிய கையை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டு ரேக் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். நானும் பின்னால் போனேன்.

மூன்றாம் கார்டையும் நான்காம் கார்டையும் உருவி மேஜைமேல் குப்புறப் போட்டிருந்தான்.

“போன மாசம் ஃபேன் மாத்துறப்ப ரெண்டையும் வெளிய எடுத்தேன் அக்கா. திருப்பிச் செருகுறப்ப இடம் மாறிப்போச்சு. கதவுல இருக்கிற தாளைத் திருத்தல. அந்தத் தாளைப் பாத்து எண் அனுப்பினேன். சாவி சரியான கார்டுக்குத்தான் போச்சு. கார்டுதான் தப்பான இடத்துல இருந்திருக்கு.” பன்னிரண்டு வருடத்தில் அவன் தாளைத் திருத்தாமல் விட்டது அதுதான் முதல் தடவை. “உபரிக் கார்டுதான் தாமதம் பண்ணுச்சு. அதுதான் வெட்டுச்சு. அதோட அவுட்புட்டைத்தான் சோதிச்சேன். வீட்டு டிவில எப்பவும் நாலஞ்சு செகண்ட் பின்னாடிதானே வரும், அதனால யாருக்கும் சந்தேகம் வரல.”

கம்ப்யூட்டரில் உபரிக் கார்டின் குறிப்பேட்டைத் திறந்து காட்டினான். மூன்று முப்பத்திரண்டு, பதினேழாம் விநாடி, வெட்டு. ஒரே ஒரு வரி.

“இதை யாரும் கேக்கல. போலீசு ரெக்கார்டிங் மட்டும்தான் கேட்டிருக்கு. ரீசெட் பண்ணினா இந்த வரி போயிடும். சாவியை மறுபடியும் போட்டுக்கலாம்.”

“பண்ணிக்கோ. என் கண்ணுக்கு என்ன ரீசெட் வச்சிருக்க?”

“நீங்க பாப்பாகிட்டச் சொல்லுவீங்களா?”

“நான் ஏன் சொல்றேன்? அவ தினமும் உனக்கு நன்றி சொல்லுவா. நீ கேட்டுக்கிட்டே சோறு தின்னு.”

அவன் மேஜையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது. எனக்குப் பரிதாபமாகத்தான் இருந்தது, ஆனால் முதுகைத் தடவிக் கொடுக்கிற அளவுக்கு இல்லை.

ஒன்பதாம் நாள் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். ரேக்கின் மனைவி யாரையும் கேட்கவில்லை. ஜன்னலோரக் கட்டிலைக் காலி செய்து விரித்துவிட்டாள். அன்று மாலை நான் ரொட்டி கொண்டுபோனபோது அண்ணி அதைப் பாலில் ஊறவைத்து அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஸ்டூலில் பால் சொம்பு. ரேக்கு வாசலில் நின்றான், கையில் மடித்த ஒரு தாள், குறிப்பேட்டின் அந்த ஒரு வரியை அச்சடித்தது.

“உக்காரு அண்ணா” என்றாள் அவள். குரல் கழுத்தில் உரசிக்கொண்டு வந்தது. “டாக்டர் சொன்னாரு, நான் டிவில பேசினதை நீ நிறுத்தியிருந்தா நான் இல்லையாம்.”

அவன் தாளை அவள் மடியில் வைத்தான். “நிறுத்தினேன் பாப்பா.”

“என்னது?”

“பொத்தானை அமுக்கினேன். கார்டு இடம் மாறியிருந்துச்சு, அதனால வெட்டுப்படல. நான் வெட்டணும்னுதான் அமுக்கினேன்.”

அண்ணியின் கை ரொட்டித் துண்டோடு பாதியில் நின்றது. பாப்பா தாளைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள்.

“எப்ப அமுக்கின?”

“மூணு முப்பத்திரண்டுக்கு.”

“அதில்ல. நான் என்ன சொன்னப்ப?”

அவன் பார்வை தாளுக்குப் போனது.

“கதவை உடைக்கிறாருன்னு சொன்னப்பவா?”

“இல்ல.”

“கொன்னுடுவாருன்னு சொன்னப்பவா?”

“இல்ல பாப்பா.”

“பின்ன?”

“என் அண்ணன்னு சொன்னப்ப.”

அவள் நல்ல கையை நீட்டிச் சொம்பை எடுத்தாள். முதல் அடி புருவத்தில் விழுந்தது. பால் சுவரெல்லாம் தெறித்தது. இரண்டாவது வாயில் விழுந்தது, உதடு கிழிந்தது. மூன்றாவது அடிக்கு அவள் கட்டிலைவிட்டு எழுந்தே விட்டாள், விலா வலியில் அலறிக்கொண்டே அடித்தாள். சொம்பு நசுங்கிப்போனது. அண்ணி தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. அவன் கையைத் தூக்கவில்லை. ரத்தம் மோவாய் வழியாகச் சட்டையில் இறங்க, நின்ற இடத்திலேயே நின்றான்.

அவள் மூச்சு வாங்கக் கட்டிலில் சாய்ந்தாள்.

“வக்கீலம்மா என்னை ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. போகப் போறேன். எல்லாத்தையும் சொல்லப் போறேன்.”

“சொல்லு பாப்பா. நான் வேலைய விட்டுடுறேன்.”

“விடாத. கார்டைச் சரியா மாட்டு. பொத்தான்ல நீதான் உக்காரணும்.”

அடுத்த மாதத்து முதல் புதன்கிழமை அவள் தோளில் கட்டோடு வக்கீலம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். கார்டுகளை இடம் மாற்றி, தாளைத் திருத்தி, வெளியே போகிற படத்தையே சின்ன மானிட்டருக்கு இழுத்து, ரேக்கு ஆறு தடவை சோதித்திருந்தான். தாமதம் இப்போது நிஜமான தாமதம். அவனுக்கு உதட்டில் தையல், எதிரில் பொத்தான்.

அவள் முட்டையில் ஆரம்பித்தாள். சின்ன ஸ்பேனர், பெரிய ஸ்பேனர், சார்ஜர் வயர் என்று நிதானமாக, கணக்குப் பாடம் சொல்கிறவள்போல் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு கேமராவை நேராகப் பார்த்தாள்.

“அன்னைக்கு நான் பேசினது உங்களுக்குக் கேட்டதே ஒரு தப்பாலதான். அதைக் கேக்கவிடாம வெட்டப் பொத்தானை அமுக்கினது என் அண்ணன்.”

தயாரிப்பாளர் வாயில் கிராம்போடு எங்கள் பக்கம் திரும்பினார். உலகத்துக்கு அது இன்னும் தெரியாது. சின்ன மானிட்டரில் அவள் இன்னும் சார்ஜர் வயரில்தான் இருந்தாள். ரேக்கு பொத்தானைப் பார்த்தான். கட்டைவிரல் அதை நோக்கி நகர்ந்தது, நான் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினேன். நான்கில் அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. தைத்த உதட்டைக் கடித்துக்கொண்டதில் மறுபடியும் ரத்தம் கசிந்தது.

பத்தில் மானிட்டரில் அவள் வாயைத் திறந்தாள். அமுக்கினது என் அண்ணன் என்றாள், எங்கள் மாடியில், தையல்காரர் கடையில், லிஃப்ட்காரனை நல்லவன் என்ற அத்தனை வீடுகளிலும். என் விரல் ஃபேடர் மேல்தான் இருந்தது. இந்தத் தடவை கை உறையவில்லை. நான் அதை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றினேன்.